லாங்ரீச்சின் குவான்டாஸ் நிறுவனர் அருங்காட்சியகம்: முதலில் தகரக் கொட்டகை, பிறகு ஜம்போ

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பனிலிருந்து லாங்ரீச்சுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 1,200 கி.மீ. மூவாயிரம் பேரை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட ஊர். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் தெரிவதற்கு முன்பே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஜம்போ எனப்படும் போயிங் 747 ஒன்றின் சிவப்பு வால் தெரிந்துவிடும். வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் அதை நோக்கித்தான் நடப்பார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்த மதிப்புரை சொல்ல வருவது. ஓய்வுபெற்ற ஜம்போக்கள் உலகில் வேறு ஊர்களிலும் நிற்கின்றன. ஆனால் குவான்டாஸ் என்ற பெரிய விமான நிறுவனம் பிழைக்கக் கற்றுக்கொண்ட கொட்டகை, அதே திடலில், இன்றும் விமானங்கள் இறங்கி ஏறுகிற ஓடுபாதையின் பக்கத்தில் நிற்பது மிக அரிது. 1922-இல் எழுந்த அந்தக் கொட்டகை குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பாரம்பரியப் பதிவேட்டில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு ஜெட்களுக்குப் போனால், ஒவ்வொரு விமானமும் எந்தத் தேவைக்காக வந்தது என்பது விளங்கும். தலைகீழாகப் பார்த்தால் கொட்டகை வெறும் பழைய தகரமாகத்தான் படும்.

குவான்டாஸ் பதிவானது 1920 நவம்பர் 16 அன்று. இயக்குநர் குழு முதலில் கூடியது 1921 பிப்ரவரியில், லாங்ரீச்சுக்கு வடமேற்கே 180 கி.மீ. தள்ளியுள்ள வின்டன் ஊரில். அதே ஆண்டிலேயே தலைமையிடத்தை லாங்ரீச்சுக்கு மாற்றினார்கள். ஏன் லாங்ரீச் என்பதற்கு விடை குயின்ஸ்லாந்தின் ரயில் வரைபடத்தில் இருக்கிறது. கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து மூன்று நீண்ட பாதைகள் மேற்கு நோக்கி உள்நாட்டுக்குள் ஓடின: பிரிஸ்பனிலிருந்து சார்லவில் பக்கம், ராக்ஹாம்ப்டனிலிருந்து லாங்ரீச் பக்கம், டவுன்ஸ்வில்லிலிருந்து கிளான்கரி பக்கம். கம்பளியையும் கால்நடையையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதைகள் அவை. உள்நாட்டில் ஒன்றை இன்னொன்றோடு வடக்குத் தெற்காக இணைக்க எதுவும் இல்லை. சார்லவில்லில் இருப்பவர் கிளான்கரிக்கு ரயிலில் போக வேண்டுமானால் கடற்கரை வரை வந்து, அங்கிருந்து வடக்கே ஏறி, மறுபடி உள்ளே போக வேண்டும். குவான்டாஸின் முதல் அஞ்சல் தடம் சார்லவில், டாம்போ, பிளாக்கால், லாங்ரீச், வின்டன், மெக்கின்லே, கிளான்கரி. ரயில் முனைகளைக் குறுக்கே கோத்த நூல் அது. ரயிலோடு போட்டியிடாமல், ரயில் விட்ட இடைவெளியைப் பிடித்ததால்தான் அஞ்சல் மானியம் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் தட வரைபடத்தைப் பார்க்கும்போது அதன்மேல் இந்த ரயில் கோடுகளையும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

நிறுவியவர்களின் கதையை முதன்மைக் காட்சிக்கூடம் நிதானமாகச் சொல்கிறது. ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கினஸ் இருவரும் முதல் உலகப் போரில் பாலஸ்தீன முனையில் ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் முதலாம் பிரிவில் பணியாற்றியவர்கள். 1919-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியர்களுக்கு அரசு 10,000 பவுண்டு பரிசு அறிவித்தது. அந்தப் போட்டியில் கலந்துகொள்ளப் பணம் கிடைக்காததால், போட்டியாளர்கள் இறங்குவதற்கான திடல்களைத் தேடும் அரசு வேலையை இருவரும் ஏற்றார்கள். ஆகஸ்டில் ஃபோர்டு மாடல் டி கார் ஒன்றில் லாங்ரீச்சிலிருந்து கிளம்பி, வட பிரதேசத்தின் கேத்தரின் வரை 2,000 கி.மீ.க்கு மேல் 51 நாட்களில் கடந்தார்கள். சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத அந்தப் பயணம்தான், இந்த நாட்டின் உட்பகுதிக்கு விமானம் வேண்டும் என்று அவர்களை நம்பவைத்தது. மூலதனம் திரட்டித் தந்தவர் பண்ணையாளர் ஃபெர்கஸ் மெக்மாஸ்டர். நான்காவது பெயர் ஆர்தர் பெயர்ட், அதே படைப்பிரிவின் இயந்திரவியலாளர். பார்வையாளர்கள் விமானிகளின் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டு பெயர்டைக் கடந்து போய்விடுவதுண்டு. அப்படிப் போகாதீர்கள். கொட்டகை அவருடையது.

கொட்டகைக்குள் போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள்: 40 டிகிரி வெயிலில் 100 குதிரைத்திறன் எவ்வளவு தூக்கும்? லாங்ரீச் திடல் கடல்மட்டத்திலிருந்து 600 அடியைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கான நியமக் காற்று வெப்பம் ஏறத்தாழ 14 டிகிரி. வெளியே 40 டிகிரி என்றால் 26 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி என்ற விமானிகளின் தோராயக் கணக்குப்படி 3,100 அடியைக் கூட்ட வேண்டும். தரையில் நிற்கும்போதே விமானம் ஏறத்தாழ 3,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அடர்த்தி குறைந்த காற்றால் இறக்கைக்குத் தூக்கு குறைகிறது, இயந்திரத்துக்கு ஆற்றல் குறைகிறது, சுழல்விசிறிக்கு இழுவை குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன. அதனால்தான் அந்தக் காலத்துப் பயணங்கள் விடியலில் கிளம்பின. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று பயணிகளைக் குலுக்கி எடுத்ததும் இன்னொரு காரணம்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், முழு அளவில் செய்து வைத்திருக்கும் ஆவ்ரோ 504கே மாதிரியைப் பார்க்கும் விதமே மாறிவிடும். நிறுவனத்தின் முதல் விமானம் அந்த வகை. பெரும்பாலான 504கே விமானங்களில் இயந்திரம் முழுவதும் சுழல்விசிறியோடு சேர்ந்து சுற்றும் ரோட்டரி வகை இருந்தது. குவான்டாஸ் வாங்கியதில் இருந்தது 100 குதிரைத்திறன் கொண்ட சன்பீம் டயாக், நீரால் குளிரும் ஆறு சிலிண்டர் இயந்திரம். ரோட்டரி ஆமணக்கெண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். டயாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் குளிர்நீர்த் தொட்டியின் எடையைச் சுமக்க வேண்டும், கோடையில் நீர் கொதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதிரியின் முன்னால் நின்று இவற்றைக் கவனியுங்கள். சக்கரங்களுக்கு நடுவே முன்னோக்கி நீட்டிய மரச் சறுக்குக்கட்டை, மூக்கு கவிழ்ந்தால் சுழல்விசிறி தரையில் மோதி உடையாமல் காக்க. வாலில் சக்கரம் கிடையாது, தரையைக் கீறும் ஒரு கட்டைதான். பிரேக் இல்லாத அந்தக் காலத்தில் வண்டியை நிறுத்தியதே அந்தக் கீறல். இரண்டு இறக்கைகளுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளின் இழுவிசையைத் திருகிச் சரிசெய்யும் சிறு இணைப்பிகள் இருக்கும். மேற்கு குயின்ஸ்லாந்தின் வறண்ட காற்றில் மரச்சட்டம் சுருங்கும், கம்பி தளரும், ஒட்டிய பசை விடும், பல அடுக்கு மரத்தால் செய்த சுழல்விசிறி பிளக்கும். டோப் (துணியை இறுக்கிக் காக்கும் பூச்சு) பூசிய துணி வெயிலில் மொரமொரத்துப் போகும். ஆகவே கூரை என்பது ஆடம்பரம் அல்ல. தகரக் கொட்டகை கட்டாமல் ஒரு மர விமானத்தை அங்கே ஓர் ஆண்டுக்கு மேல் நம்பிப் பறக்க முடியாது. பெயர்டின் ஆட்கள் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்ததால்தான் அட்டவணை ஓடியது.

1922 நவம்பர் 2 அன்று மெக்கினஸ் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் எஃப்.கே.8 விமானத்தில் சார்லவில்லிலிருந்து அஞ்சலோடு கிளம்பி லாங்ரீச்சில் இரவு தங்கினார். மறுநாள் காலை ஃபிஷ் இங்கிருந்து கிளான்கரிக்கு எடுத்துப் போனார். அன்றைய பயணி அலெக்சாண்டர் கென்னடி, வயது 84, மாட்டுவண்டிக் காலத்தில் இந்தப் பகுதிக்கு வந்து குடியேறிய பண்ணையாளர். முதல் பயணச்சீட்டு தனக்கே வேண்டும் என்று கேட்டுத்தான் நிறுவனத்தில் பங்கு வாங்கியிருந்தார். முதலில் எடுத்த விமானம் ஓடிப் பார்த்தும் எழவில்லை; மாற்று விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.  முழுத் தடத்தின் நீளம் 577 மைல், அதாவது 930 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டு நாள் பயணம்.

மானியத் தடத்துக்கென்று பெரிதாக ஒரு விமானம் வேண்டும் என்று விக்கர்ஸ் வல்கன் வகையை வரவழைத்தார்கள். இங்கிலாந்தில் நன்றாகப் பறந்த அந்தக் கனத்த விமானம், லாங்ரீச்சின் வெப்பத்தில் சுமையோடு வேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆரம்ப கால விமான நிறுவனங்கள் பல இப்படி ஒரு தவறான கொள்முதலில் முழுகிப் போயின. சோதித்துப் பார்க்காமல் ஏற்கமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தது குவான்டாஸைக் காப்பாற்றியது.

விடை 1924-இல் டி ஹாவிலண்ட் டி.எச்.50 வடிவில் வந்தது. அதன் மாதிரியும் இங்கே இருக்கிறது. ஆவ்ரோவையும் இதையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. நான்கு பயணிகளுக்கு மூடிய அறை. விமானி மட்டும் அறைக்குப் பின்னால், திறந்த குழியில். பயணிகள் தோல் தொப்பியும் காற்றுக்கண்ணாடியும் போடாமல், வீட்டு உடுப்பிலேயே ஏறி உட்கார முடிந்தது இதில்தான். சாகசம் பயணமாக மாறிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இந்த அறையின் கதவைக் காட்டலாம்.

1926 முதல் இந்த டி.எச்.50 விமானங்களை உரிமம் பெற்று லாங்ரீச் கொட்டகையிலேயே கட்டினார்கள். நான்கு டி.எச்.50ஏ, மூன்று டி.எச்.50ஜே, ஆக ஏழு. பின்னதில் பிரிஸ்டல் ஜூபிடர் இயந்திரம், காற்றால் குளிர்வது. நீர்த்தொட்டியே இல்லை, கொதிக்க எதுவும் இல்லை. அந்த ஊருக்கு வேண்டியது அதுதான். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, ரயில் முனையில் இருந்த ஒரு ஆட்டுப்பண்ணை ஊரில், மரச்சட்டம் அறுத்து, துணி தைத்து, டோப் பூசி, பறக்கவிட்டார்கள். கொட்டகையின் அகலத்தை நடந்து பார்த்து, ஏறத்தாழ 13 மீட்டர் இறக்கை கொண்ட இருதள விமானம் இதற்குள் எப்படித் திரும்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்நாட்டில் பழுதுபார்க்கும் தளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணமும் இருந்தது: 1919-இல் அந்த 10,000 பவுண்டை வென்ற ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விக்கர்ஸ் விமி, டார்வினில் இறங்கிய பிறகு சார்லவில் அருகே சுழல்விசிறியும் இயந்திரமும் பழுதாகி வாரக்கணக்கில் முடங்கியது. இயந்திரத்தை இப்ஸ்விச் ரயில்வே பட்டறைக்கு அனுப்பித்தான் சரிசெய்தார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இது ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவின் முதல் முறையான விமானச் சேவை குவான்டாஸ் நடத்தியது அல்ல. நார்மன் பிரியர்லி நிறுவிய மேற்கு ஆஸ்திரேலிய ஏர்வேஸ், 1921 டிசம்பர் 5 அன்றே ஜெரால்டன் முதல் டெர்பி வரை தொடங்கிவிட்டது. தொடக்க நாளிலேயே ஒரு விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். இறங்கு திடல்கள் ஒழுங்காகத் தயாராகும்வரை சேவை நின்றது. 1920-இல் விமானப் போக்குவரத்துச் சட்டம், அதன் பிறகு பாதுகாப்புத் துறைக்குள் குடிமை விமானப் பிரிவு, அதன் கையில் மானியமும் திடல் ஆய்வும் விமானி உரிமமும்; தேசிய விமானப் போக்குவரத்தின் எலும்புக்கூடு இதுதான். குவான்டாஸ் அதில் ஒரு விலா. இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு வருகிறவர்களுக்குக் காட்சிகள் இரண்டு மடங்கு பேசும். விபத்துகளையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். 1927 மார்ச்சில் டாம்போவில் இறங்க வந்த குவான்டாஸின் டி.எச்.9 வகை விமானம் வேகம் குறைந்து தூக்கு இழந்து விழுந்தது, மூவர் இறந்தார்கள். நிறுவனத்தின் முதல் உயிரிழப்பு அது. 1934 நவம்பரில் புத்தம்புது டி.எச்.86 ஒன்று, இங்கிலாந்திலிருந்து பறந்து வந்து, லாங்ரீச்சுக்கு மிக அருகே விழுந்து நால்வர் இறந்தார்கள்.

பறக்கும் மருத்துவர் சேவையும் இந்தக் கொட்டகையின் உலகத்திலிருந்து கிளைத்ததுதான். பாதிரியார் ஜான் ஃபிளின் பல ஆண்டுகள் வாதாடிய யோசனை 1928 மே 17 அன்று கிளான்கரியில் நடைமுறைக்கு வந்தது. விமானம் குவான்டாஸ் வாடகைக்குத் தந்த டி.எச்.50, பெயர் விக்டரி. விமானியும் குவான்டாஸ்காரர், ஆர்தர் ஆஃப்லெக். மருத்துவர் கென்யன் செயின்ட் வின்சென்ட் வெல்ச். வானொலி கிடையாது, வரைபடமும் அரைகுறை. ஆறும் வேலியும் தந்திக் கம்பமும்தான் வழிகாட்டி. மூடிய அறை இருந்ததால்தான் நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுவர முடிந்தது. அடுத்த ஆண்டுகளில் ஆல்ஃபிரட் டிரேகரின் மிதிவிசை வானொலி பண்ணைகளுக்குப் பரவிய பிறகே ஆபத்துக்கு அழைப்பது எளிதாயிற்று.

1930-இல் தலைமையிடம் பிரிஸ்பனுக்குப் போய்விட்டது. லாங்ரீச்சின் பங்கு பத்தாண்டுக்குள் முடிந்தது. அதன் பிறகான கதை வெளிநாட்டுத் தடங்களின் கதை, தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர்கள் அதில்தான் வருகின்றன. 1934 டிசம்பரில் பிரிஸ்பன்–சிங்கப்பூர் அஞ்சல் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து லண்டன் வரை இம்பீரியல் ஏர்வேஸ். அந்தப் பெருவழியின் கராச்சி நிலையத்திலிருந்துதான் 1932 அக்டோபர் 15 முதல் டாடாவின் புஸ் மாத் விமானம் பம்பாய், பெல்லாரி வழியே சென்னைக்கு அஞ்சல் கொண்டுவந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும்: குவான்டாஸுக்கு அரசு மானியம் முதுகெலும்பாக இருந்தது, டாடாவுக்கு மானியம் இல்லை, சுமந்த அஞ்சலுக்கான கூலி மட்டுமே.

நீரில் இறங்கி ஏறும் கேட்டலினா பறக்கும் படகு இலங்கைத் தமிழர்கள் தவறவிடக் கூடாதது. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து பழைய தடம் அறுந்த பிறகு, 1943 முதல் பெர்த்திலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கு குவான்டாஸ் நேரடியாகப் பறந்தது. ஐந்து கேட்டலினாக்கள், ஐந்துக்கும் விண்மீன் பெயர்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் 27 முதல் 33 மணி நேரம். வழியில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம் என்பதால் இரட்டை உதயச் சேவை என்று பெயர். எரிபொருளுக்கே எடை போய்விட்டதால் மூன்று பயணிகளும் ஏறத்தாழ 69 கிலோ அஞ்சலும் மட்டுமே ஏற்ற முடிந்தது. எதிரி கேட்டுவிடக் கூடாது என்று வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைக் கோணமானியால் அளந்தே வழி கண்டார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கக் கடன் உடன்படிக்கையின்படி ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ஆகவே இங்கே பார்ப்பது அந்த ஐந்தில் ஒன்றல்ல, அதே வகை. 30 மணி நேரத்தை அந்த இடுக்கில் உட்கார்ந்து கழிப்பது எப்படி என்பதை அதன் உடற்பகுதியைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

இப்போது பெரிய விமானங்களுக்குப் போகலாம். 2020-இல் முடிந்த பெரிய கூரை ஒன்றின் கீழ் அவை நிற்கின்றன. கூரை வந்தது பார்வையாளருக்கும் உலோகத்துக்கும் பெரிய நன்மை. லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன் மணிலா விமான நிலையத்தில் பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. 2014-இல் ஏலத்தில் எடுத்து, கப்பலில் டவுன்ஸ்வில்லுக்கும் அங்கிருந்து லாரியில் லாங்ரீச்சுக்கும் கொண்டுவந்து மீட்டார்கள். 1958 ஜனவரியில் குவான்டாஸ் உலகைச் சுற்றும் சேவையைத் தொடங்கியது இந்த வகையில்தான். இதன் ரைட் இயந்திரங்களில் ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், வெளியேறும் புகையின் விசையைத் திரும்பப் பிடிக்கும் மூன்று விசையாழி. அந்த விசையாழிகளும் வெளியேற்று வால்வுகளும் எரிந்து போவதுதான் இதன் நிரந்தரத் தலைவலி. பிஸ்டன் இயந்திரத்தை அதன் எல்லை வரை தள்ளிவிட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து 707-க்குப் போனால் ஜெட் ஏன் தவிர்க்க முடியாததாயிற்று என்பது புரியும்.

அந்த 707 நுட்பம் தெரிந்தவர்களுக்கு முதன்மையான பொருள். 1959-இல் வந்த, குவான்டாஸின் முதல் ஜெட் விமானம். 138 என்ற வகை குவான்டாஸுக்காகவே போயிங் செய்தது: பசிபிக்கைக் கடக்கும் தூரத்துக்காக உடலை 3 மீட்டர் குறைத்தார்கள். பக்கவாட்டிலிருந்து பாருங்கள், மற்ற 707-களைவிடக் கட்டையாக இருக்கும். பிறகு கைமாறிக் கைமாறி அரபுச் செல்வந்தர்களின் தனி விமானமாகி, இங்கிலாந்தின் சவுத்எண்டில் ஒதுங்கி நின்றது. ஆஸ்திரேலியத் தன்னார்வப் பொறியாளர்கள் அங்கேயே போய்ச் சீரமைத்து 2006 டிசம்பரில் சிட்னிக்குப் பறக்கவைத்தார்கள். 2007-இல் லாங்ரீச் வந்தது. உள்ளே தனி விமானக் காலத்தின் படுக்கையும் பளபளப்பும் அப்படியே இருக்கின்றன. 1959-இன் பயணிகள் அறையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றம். ஆனால் அதைக் கழற்றி எறியாமல் விட்டதுதான் சரி; அது இந்த விமானத்தின் உண்மையான வாழ்க்கை.

747, 238பி வகை, சிட்டி ஆஃப் பன்பரி. 2002 நவம்பர் 16 அன்று, நிறுவனத்தின் பிறந்தநாளில், 2 கி.மீ.க்கும் குறைவான ஓடுபாதையில் வந்து இறங்கியது. வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்தால் சரக்கறை, சக்கரக் குழி, விமானி அறை எல்லாம் காட்டுவார்கள். 18 சக்கரங்களையும் எண்ணுங்கள். உடலுக்குக் கீழே நான்கு தொகுதியாக 16, மூக்கில் இரண்டு. விமானி அறையில் மூன்றாவது இருக்கை, பக்கவாட்டுப் பலகையைப் பார்த்தபடி, விமானப் பொறியாளருக்கு. பின்னாளில் கணினி எடுத்துக்கொண்ட வேலை முழுவதும் அந்தப் பலகையில் மானிகளாகப் பரந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

சீட்டு விஷயத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். நுழைவுச்சீட்டு தனி, விமானங்களுக்குள் ஏறும் வழிகாட்டிச் சுற்று தனி, 747-இன் இறக்கைமேல் பாதுகாப்புக் கச்சை மாட்டிக்கொண்டு நடக்கும் சுற்று தனி, இரவில் விமானங்களின்மேல் ஒளிப்படம் வீசிக் கதை சொல்லும் காட்சி தனி. வெறும் நுழைவுச்சீட்டோடு போனால் பெரிய விமானங்களை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். நேரம் குறைவு, செலவையும் பார்க்க வேண்டும் என்றால், நுழைவும் 747–707 சுற்றும் போதும். இறக்கை நடைக்கு இடம் குறைவு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கூட்டம் அதிகம். பயணத் தேதி முடிவானதுமே பதிவு செய்யுங்கள். உயரம், வயது, காலணி பற்றிய கட்டுப்பாடுகளைப் பதிவின்போதே கேளுங்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். செங்குத்தான படிகள் இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு முதன்மைக் கூடமும் கொட்டகையும்தான் வசதி.

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திறந்ததும் கொட்டகை, பிறகு முதன்மைக் கூடம் இரண்டு மணி நேரம், அதன் பின் விமானச் சுற்று, மாலையில் ஊருக்குப் போய்ச் சற்று ஓய்ந்து இரவு ஒளிக்காட்சிக்குத் திரும்புங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் கொடுமை. கூரை இருந்தாலும் உலோகம் சூடேறும், ஈத் தொல்லையும் சேரும். தொப்பி, தண்ணீர், முகவலை மூன்றும் வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உலர் உணவைக் கையோடு கொண்டுபோவது நல்லது, சின்ன ஊரில் தெரிவு குறைவு. பிரிஸ்பனிலிருந்து விமானம் உண்டு, வாரம் இருமுறை ரயிலும் உண்டு, வந்துசேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். விமானத்தில் வருகிறவர்களுக்கு நிலையத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகம். காத்திருக்கும் நேரத்தில் நுழைந்து பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பாதிகூடப் பார்க்க முடியாது.

காரில் வருகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் பழைய அஞ்சல் தடத்தையே தொடரலாம். வின்டன் 180 கி.மீ., அங்கிருந்து கிளான்கரி ஏறத்தாழ 350 கி.மீ.; பறக்கும் மருத்துவர் சேவைக்கான நினைவு அருங்காட்சியகம் கிளான்கரியில் இருக்கிறது. வின்டனில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள், நடுவில் கைபேசி இணைப்பு நெடுந்தொலைவுக்குக் கிடைக்காது. பொழுது சாய்ந்த பிறகு கங்காருக்கள் சாலைக்கு வரும், ஆகவே மாலை ஐந்துக்குள் ஊர் சேரும்படி விடியலிலேயே கிளம்பிவிடுங்கள்.